ஒரே கூண்டில் ஏழு சேவல்கள்

அடைவைக்கும் முட்டைகளில் ஏறக்குறையப் பாதி சேவலாகவே பொரிக்கும். பெட்டைக் குஞ்சுகளை முட்டைக்கென்று வைத்துக்கொள்வதில் எந்த வீட்டிலும் தயக்கமில்லை. சேவற்குஞ்சுகளின் கதை வேறு. ஒன்று கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு, ஒன்று பங்குத் திருவிழாவுக்கு விருந்தினர் வரும் நாளுக்கு, ஒன்று மகளின் பேறுகாலத்திற்கு, ஒன்று புனித அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டது என்று கணக்கிட்டு, நான்கைந்து சேவல்களை ஒன்றாகவே வளர்த்து வருகிறோம். நான்கு மாதம் வரை அவை ஒரே கிளையில் அடைந்து, ஒரே தட்டில் இரையெடுக்கும். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் காலை கூட்டைத் திறந்தால், ஒன்றின் கொண்டை கிழிந்து முகமெல்லாம் குருதி வழிய நிற்கும். “சேவலென்றால் சண்டையிடத்தானே செய்யும்” என்று சொல்லி, காயத்தில் சிறிது மஞ்சளை அப்பிவிட்டு, நம் அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அப்படிச் சொன்னவர்களுள் நாமும் ஒருவராயிருந்தோம். அதற்கு விலையாக எங்கள் வீட்டுச் சேவலொன்று தன் கண்ணைக் கொடுத்தது.

எங்கள் வீட்டில் கோழிகள் அத்தையின் பொறுப்பு. ஓராண்டு அவர் 13 முட்டைகளை அடைவைத்தார். 11 பொரித்தன, அவற்றுள் 7 சேவல்கள். பகலெல்லாம் கொல்லையில் மேய்ந்து, மாலையில் முருங்கை மரத்தில் ஏறி அடையும். அவற்றுக்குள் சச்சரவு இல்லாமலில்லை. ஒன்றையொன்று துரத்தும், எதிரெதிரே நின்று கழுத்து மயிரைச் சிலிர்க்கும், ஒன்று ஓடிப்போய் எருக்குழிக்கு அப்பால் மறையும், அத்தோடு முடிந்துவிடும். குருதி கண்டதில்லை. ஆனால் பக்கத்து வீட்டாரின் கீரைப்பாத்தியை அவை இருமுறை கிளறிவிட்டன. அயலாரோடு மனத்தாங்கல் வேண்டாமென்று, 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள கம்பிவலைக் கூண்டொன்றை நாமே முன்னின்று செய்வித்து, ஏழையும் அதனுள் அடைத்தோம். நல்ல ஏற்பாடு செய்துவிட்டோமென்று சிறிது பெருமையும் கொண்டோம் என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்றாம் நாள், செந்நிறத்தில் வெண்புள்ளி படர்ந்த சேவலின் கொண்டை நடுவில் பிளந்திருந்தது. அதுதான் அத்தை தம் மகனுக்கு வந்த கடுங்காய்ச்சல் தணிய வேண்டுமென அந்தோணியாருக்கு நேர்ந்து விட்டிருந்த சேவல். அதை எடுத்து, அடுக்களையின் பின்புறம் ஒரு பஞ்சாரத்துள் தனியே அடைத்து, மருந்திட்டுக் காத்தோம். 18 நாட்களில் புண் ஆறியது. ஒரு ஞாயிறன்று, திருப்பலிக்குப் புறப்படுமுன், அதைப் பழைய கூண்டிலேயே கொண்டுபோய் விட்டோம். தன் உடன்பிறப்புகளிடந்தானே போகிறது என்பது எங்கள் எண்ணம். கோவிலிலிருந்து திரும்பி வந்தபோது அது கூண்டின் மூலையில் தலையைப் புதைத்தபடி கிடந்தது. பின்மண்டையில் தோல் உரிந்திருந்தது, கொண்டையில் பாதியைக் காணோம், வலக்கண் போய்விட்டது. அதைக் கொத்திக்கொண்டிருந்தவற்றுள், நாங்கள் சாதுவென்று எண்ணியிருந்த சேவல்களும் இருந்தன.

அத்தை வாய்விட்டு அழவில்லை. “கண்ணில்லாத உயிரைக் கொண்டுபோயா, தம்பி, புனிதர் முன்னால் நிறுத்துவேன்?” என்று மட்டும் கேட்டார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. கூண்டைச் செய்வித்ததும் நாம். சேவலை மீண்டும் உள்ளே விட்டதும் நாம்.

கொண்டையும் சண்டைக் குணமும்

சேவலின் கொண்டை வெறும் அழகுக்காக அமைந்ததன்று. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. குருதிக் குழாய்கள் நெருங்கிய கொண்டையும் தாடியும் உடற்சூட்டை வெளியேற்ற உதவுகின்றன. ஆதலின்தான் அங்கே சிறு கீறல் பட்டாலும் குருதி பெருகி, காயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது.

கொண்டை வளர்வதும் சேவல் சண்டைக்கு நிற்பதும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் பேராசிரியராயிருந்த அர்னால்டு பெர்த்தோல்டு என்பவர் 1849ஆம் ஆண்டில் ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தார். விரைகள் முற்றிலும் நீக்கப்பட்ட சேவல்களின் கொண்டை சுருங்கிற்று, அவை சரியாகக் கூவவில்லை, சண்டைக்கும் போகவில்லை. நீக்கிய விரையை உடலுக்குள் வேறோரிடத்தில் வைத்த சேவல்களிலோ கொண்டை சிவந்து வளர்ந்தது. கூவலும் போர்க்குணமும் வந்தன. விரையிலிருந்து குருதியில் கலக்கும் ஏதோவொன்றே இவற்றுக்குக் காரணம் என்பது அதனால் புலனாயிற்று. இன்று அதை ஆண்மைச் சுரப்புநீர் என்கிறோம். நான்கைந்து மாதத்தில் கொண்டை சட்டென்று நிமிர்ந்து சிவக்கும்போது, வீட்டார் அதைக் கண்டு மகிழ்வது இயல்பே. இடமாற்றத்திற்கும் ஏற்பாடுகளுக்கும் உரிய காலம் வந்துவிட்டதென்பதற்கும் அதுவே அடையாளம்.

சண்டையில் கொண்டையே முதலில் அடிபடுவதற்குக் காரணம் எளிது. எதிரியைப் பற்றிக்கொள்ள அலகுக்கு வாய்ப்பான பிடி அது. கொண்டையைக் கவ்விக்கொண்டு எழும்பிக் காலால் உதைப்பது சேவலின் போர்முறை. உயர்ந்து நிற்கும் ஒற்றைக் கொண்டையுள்ள சேவல்கள் இதில் மிகுதியும் காயப்படும். அசீல் இனத்துச் சேவல்களுக்குத் தலையோடு ஒட்டிய சிறு கொண்டையே உண்டு. ஆனால் அவை தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்டவை. நம் ஊர்களில் பெருவிடை என்று வழங்கும் சேவல்களிலும் அந்தக் குருதி உண்டு. பருவமடைந்த இத்தகைய சேவல்கள் இரண்டை, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும், ஒன்றாக வைக்க முயலுதல் வீண். அவற்றைத் தனித்தனியே வைப்பதன்றி வேறு வழியில்லை. சேவல்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். இளைஞர் சிலருக்கு இது விளையாட்டாகத் தோன்றுகிறது.

ஓடுவதற்கு இடம்

நார்வே நாட்டில் தோர்லைப் ஷெல்டெருப்-எப்பே என்றொருவர் சிறுவனாயிருக்கும்போதே வீட்டுக் கோழிகளைக் கூர்ந்து கவனித்து, எது எதைக் கொத்துகிறது, எது எதற்கு விலகுகிறது என்று எழுதி வைக்கும் பழக்கமுடையவராயிருந்தார். வளர்ந்து அறிஞரானபின் அவர் 1922இல் வெளியிட்ட கட்டுரையே, கோழிகளுக்குள் மேல்கீழ் வரிசை ஒன்று உண்டு என்பதை உலகறியச் செய்தது. முதற் கோழி எல்லாவற்றையும் கொத்தலாம். இரண்டாவது, முதலாவதற்கு மட்டும் விலகும். கடைசிக் கோழி எல்லாவற்றிற்கும் விலகும். வரிசை நிலைத்துவிட்டால் சண்டைக்கு அவசியமே இல்லை. மேலது கழுத்தை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தால் கீழது ஒதுங்கிவிடும். அவர் கண்டவை பெரும்பாலும் பெட்டைகளைப் பற்றியவை. சேவல்களுக்குள்ளும் இத்தகைய வரிசை உண்டு. ஒன்றாக வளரும் குஞ்சுகள் இரண்டு மாத அளவிலேயே அதை ஏற்படுத்திக்கொள்கின்றன. பருவம் வந்ததும் அதை மீண்டும் சோதித்துப் பார்க்கின்றன.

எங்கள் முருங்கை மரத்தடியில் நடந்ததும் கம்பிவலைக்குள் நடந்ததும் எங்கே வேறுபட்டன என்பது இதிலிருந்து விளங்கிற்று. கொல்லையில் தோற்ற சேவல் தலையைத் தாழ்த்தி ஓடியது. வென்ற சேவல் சிறிது தூரம் துரத்திவிட்டு, சிறகடித்துக் கூவிவிட்டு, தன் இரையைத் தேடப் போயிற்று. கூண்டிலும் தோற்ற சேவல் ஓடத்தான் செய்தது. ஆறடி ஓடியதும் கம்பி தடுத்தது. கண்ணெதிரே நின்றுகொண்டே இருக்கும் சேவலை, அது இன்னும் பணியவில்லையென்றே மற்றது கொள்கிறது. தோற்றது மூலையில் தலையைப் புதைக்கும். அப்போது பின்மண்டையும் கொண்டையும் வெளியே தெரியும். பெருங்காயங்கள் பலவும் சண்டையின்போது நேர்பவையல்ல; சண்டை தீர்ந்தபின், ஓட வழியில்லாத சேவலுக்கு நேர்பவை. குருதி தெரிந்துவிட்டால் அதன்பின் சண்டையென்றே சொல்வதற்கில்லை. சிவப்பு நிறம் கோழியின் கண்ணைக் கவரும். ஒன்று கொத்தியதைக் கண்டு மற்றொன்று கொத்தும். எங்கள் சாதுச் சேவல்களும் அதனால்தான் கொத்தின.

ஆகவே சேவல்களைச் சேர்த்து வளர்ப்போர் முதலில் செய்யவேண்டுவது, தோற்றதற்கு மறைவிடம் அமைத்தல். இதற்குப் பணம் தேவையில்லை. அடைப்பின் நடுவே இரண்டு மூன்று பழைய தென்னந்தட்டிகளைச் சாய்த்து வையுங்கள். உடைந்த கூடை, மரக்கட்டை, முள் நீக்கிய கிளைகள், எதுவாயினும் சரி. ஒரு சேவலின் பார்வையிலிருந்து மற்றது நான்கடியில் மறைந்துவிட வேண்டும், இதுவே அளவு. மறைவிடம் இருபுறமும் திறந்திருத்தல் வேண்டும். ஒரு வாயில் மட்டும் இருந்தால் அது மறைவிடமன்று, பொறி. மூலைகளை ஓலையோ பலகையோ கொண்டு வளைவாக மறைத்துவிடுவதும் நலம்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். வளர்ந்த கோழியொன்றுக்கு இரவு அடையும் கொட்டகையில் 2 சதுர அடி போதுமென்று பொதுவாகச் சொல்வர். பகலிலும் அடைந்து கிடக்கும் சேவல்களுக்கு அக்கணக்கு பொருந்தாது. எங்கள் கூண்டில் சேவலொன்றுக்கு மூன்றரைச் சதுர அடிக்கும் குறைவாகவே இருந்தது. இன்று நாம் சேவலொன்றுக்கு 10 சதுர அடிக்குக் குறையாமல் விடுகிறோம். பகலில் சில மணி நேரமேனும் வெளியே மேயவும் விடுகிறோம். அடைவதற்குரிய கழிகளை ஒன்றுக்குமேல் ஒன்றாகப் படிபோல் வைக்காமல் ஒரே உயரத்தில் வைத்தோம். உச்சிக்கழிக்காக மாலைதோறும் நடந்த போர் அதனால் ஓய்ந்தது.

தீனித்தட்டு ஒன்றாயிருந்தால் முதற் சேவலே அதைக் காவல் காக்கும். கடைச் சேவல் பட்டினி கிடந்து மெலிந்து மேலும் அடிபடும். மூன்று தட்டுகளை ஒன்றையொன்று காணமுடியாத இடங்களில் வையுங்கள், தண்ணீரும் அவ்வாறே. வெறும் அரிசியும் கம்பும் மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகளில் கொத்தும் பழக்கம் மிகுவதைக் காணலாம். புரதமும் உப்பும் குறைந்த உணவு கோழியை இறகையும் குருதியையும் நாடச் செய்யும். கரையான், வேகவைத்த மீன்கழிவு, பூசணம் பிடிக்காத புண்ணாக்கு இவற்றுள் ஏதேனும் சேர்ப்பது நலம். ஆனால் உப்புக் குறைகிறதே என்று கருவாட்டுத் தலைகளை அள்ளிப் போடாதீர்கள். மிகுந்த உப்பு கோழிக்கு நஞ்சு. கீரைக்கட்டொன்றைத் தலைக்கு மேல் எட்டும் உயரத்தில் தொங்கவிட்டால், அதைக் கொத்துவதிலேயே அவற்றின் பொழுது கழியும். கோடையின் உச்சி வெயிலில் நிழலின்றி அடைத்து வைத்தாலும் சினம் மிகும். இது கோழிக்கு மட்டும் உரிய குணமன்று என்று நம் வீட்டார் சொல்லக்கூடும்.

பெட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் என்பது பொதுவான கணக்கு. நான்கு பெட்டைகளும் மூன்று சேவல்களும் உள்ள முற்றத்தில் அமைதி நிலவுமென எதிர்பார்க்கலாகாது. சேவல்கள் ஒன்றையொன்று கிழிப்பதோடு பெட்டைகளின் முதுகிலும் இறகில்லாமற் செய்துவிடும். பெட்டையே கண்ணிற் படாத இடத்தில் சேவல்களை மட்டும் தனிக் கூட்டமாக வைத்தால், குஞ்சிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை பெரும்பாலும் அடங்கியே இருக்கும். விழாவுக்கென வளர்ப்போர்க்கு இதுவே ஏற்ற முறை. இரக்கப்பட்டு ஒரேயொரு பெட்டையை நடுவில் விட்டுவிடாதீர்கள்.

கொண்டையை இளமையிலேயே அறுத்துவிட்டால் தொல்லை தீருமே என்று கேட்பவர்களுண்டு. நாம் அதை ஏற்கவில்லை. நம் வெயிலில் சூட்டைத் தணிக்கும் உறுப்பை அறுத்தெறிவது கொடுமை; அறுத்த சேவல் சண்டையிடாமல் இருந்துவிடப் போவதுமில்லை. கால்முள் நீண்டு கூர்த்திருந்தால் அதன் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். அடியில் குருதியோட்டம் உண்டாதலால் ஆழமாக அறுக்கக் கூடாது.

காயம் பட்டால்

முதலில் அடிபட்ட சேவலை வெளியே எடுங்கள். மருந்தைப் பிறகு தேடலாம். பழைய துணியொன்றால் சிறகோடு சேர்த்துச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் அது திமிறாது. தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கவும். இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய குருதி மீண்டும் பெருகும். பிறகு, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதனால் மண்ணும் எச்சமும் போகக் கழுவுக. மருந்துக் கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலை, பால் கலவாத தேநீரின் நிறம் வரும்வரை நீர் சேர்த்துத் தடவலாம். மஞ்சள், வேப்பிலை, குப்பைமேனி இவற்றை அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது நம் பாட்டிமார் கையாண்ட முறை. கால்நடை மருத்துவர்களும் அதைப் பரிந்துரைக்கின்றனர். மனிதருக்கு வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த களிம்புகளைக் கோழிக்கு இடலாகாது. அம்மருந்துகளைப் பறவைகள் தாங்குவதில்லை. தொங்கும் சதையைப் பிய்த்தெடுக்காதீர்கள். பாதிக்குமேல் கிழிந்திருந்தாலும், கண்ணிமையைத் தொட்டிருந்தாலும் மருத்துவரிடமே கொண்டுசெல்லுங்கள்.

ஈ மொய்க்கும் காலமானால் காலை மாலை இருவேளையும் காயத்தைப் பார்த்தாக வேண்டும். புழு வைத்துவிட்டால், சிறு இடுக்கியால் அவற்றை எடுத்துவிட்டு, சீத்தாப்பழ மர இலையை அரைத்து அன்று மட்டும் பூசுவர். அச்சாறு கண்ணில் படலாகாது. கண்ணருகே உள்ள புண்ணானால் இதையும் மருத்துவரிடமே விட்டுவிடுவது நலம்.

கொண்டையில் தோன்றுவதெல்லாம் கொத்துக் காயமென்று எண்ணிவிட வேண்டாம். சிறு கொப்புளம் போல் எழும்பி, மரு போலத் தடித்து, கருத்துப் பக்குக் கட்டினால் அது கோழி அம்மையாயிருக்கலாம். கொசுக்களால் இது பரவும். கொத்துப்பட்டுப் பிளந்த தோல் வழியாகவும் அம்மைக் கிருமி புகும். ஆதலின் சண்டை மிகுந்த கூண்டில் அம்மை கண்டால் ஒன்றும் தப்பாது. ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் அம்மைத் தடுப்பூசி போட்டுவிட்டால் இக்கவலை இல்லை. ஒரே சமயத்தில் பல கோழிகளின் கொண்டை நீலம்பாரித்து வீங்கி, திடீர் இறப்பும் நேர்ந்தால், இறந்தவற்றைக் கையால் தொடாமலும் அறுத்துச் சமைக்காமலும் கால்நடை மருத்துவமனைக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். அது பறவைக் காய்ச்சலாயிருக்கக்கூடும்.

விழாவுக்கென வைத்திருக்கும் சேவலுக்கு மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாட்களுக்கு அதன் இறைச்சியை உண்ணலாகாது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மாதத்தில் இதை மறந்துவிடுவோர் பலர்.

திரும்பச் சேர்த்தல்

நாம் தவறியது இங்கேதான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கோழிகள் ஒன்றையொன்று முகத்தாலும் கொண்டையாலும் அடையாளம் காண்கின்றன. இரண்டு மூன்று வாரம் பிரிந்திருந்த கோழியைக் கூட்டம் மறந்துவிடும். புண்பட்டுச் சுருங்கிய கொண்டையோடு வருவது பழைய முகமாகவும் இராது. நமக்கு அது நேற்று வரை அங்கிருந்த சேவல். அவற்றுக்கு அது வேலி தாண்டி வந்த அயலான். அதுவும் தனிமையில் கிடந்து வலிமை குன்றிய அயலான். எங்கள் செம்புள்ளிச் சேவல் பதினெட்டு நாள் கழித்து உள்ளே நுழைந்தபோது, அதற்குரிய இடம் என்று அங்கே ஒன்றும் இல்லை.

கூடியவரை காயம்பட்டதைக் கண்ணிலிருந்து மறைத்துவிடாமல் இருப்பது நல்லது. அதே அடைப்பின் ஒரு பகுதியைக் கம்பிவலையால் தடுத்து, அங்கேயே வைத்து மருந்திடலாம். அலகு நுழையாதபடி வலையின் கண் சிறிதாயிருக்கட்டும். காண்பதும் கேட்பதும் உண்டு. கொத்துவது மட்டும் இயலாது. பக்குகள் உதிர்ந்து தோல் மூடும்வரை இடையிலுள்ள வலையை எடுக்கலாகாது. வேறிடத்தில் வைத்திருந்த சேவலாயின், ஆறியபின்னும் இரண்டு வாரம் வலைக்கு அப்பால் வைத்துப் பழக்குக. இரவில் இருட்டில் கொண்டுபோய் மற்றவற்றின் நடுவே அமர்த்திவிட்டால் விடியும்போது ஏற்றுக்கொள்ளும் என்பர். பெட்டைகளிடம் அது ஓரளவு பலிக்கும், சேவல்களிடம் நம்பத்தக்கதன்று.

சேர்க்கும் நாளில் எல்லாச் சேவல்களையும் அவற்றுக்குப் பழக்கமில்லாத வேறோர் இடத்தில் ஒருசேர விடுவதே நாம் கண்டவற்றுள் சிறந்த முறை. எதற்கும் சொந்த நிலமில்லாதபோது, காவல் காக்கும் வெறி குறைகிறது. தரையில் தீனியைப் பரவலாகத் தூவிவிடுங்கள். அன்று முழுவதும் வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டொரு கொத்துகளும் ஒரு துரத்தலும் நேர்ந்தால் பொறுத்திருங்கள்; அது வரிசை அமைகின்ற ஓசை. ஆனால் ஒன்று ஓடி மறைந்தபின்னும் மற்றொன்று தேடிச்சென்று அடித்தாலோ, குருதி தெரிந்தாலோ, அன்றைய முயற்சியை நிறுத்திவிடுங்கள். தேடித் தேடி அடிக்கும் சேவல் எதுவென்று பார்த்து, அதை நான்கைந்து நாள் வெளியே எடுத்து வைத்தால், அது திரும்பும்போது அதற்கும் சிறிது அடக்கம் வந்திருக்கும். அடிபடுவதை எடுப்பதே வழக்கமாகிவிட்டது. அடிப்பதை எடுத்துப் பார்ப்பவர் சிலரே. மூன்று முறை முயன்றும் ஒத்துவராத சேவலை விற்றுவிடலாம்; அல்லது தனியே வைக்கலாம். எல்லாச் சேவல்களும் ஒன்றாயிருந்தே தீரவேண்டுமென்று சட்டமில்லை.

எங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். மற்ற ஆறு சேவல்களும் கிறிஸ்து பிறப்புக்குமுன் விலையாயின. ஒற்றைக்கண் சேவல் மட்டும் எஞ்சிற்று. வேறொரு நல்ல சேவலை வாங்கிக் கொடுத்துவிடலாமென்று நாம் சொன்னபோது அத்தை உடன்படவில்லை. பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டார். “சாமி, நேர்ந்தபோது அதற்கு இரண்டு கண்ணும் இருந்தது, இப்போது ஒன்றுதான் இருக்கிறது. கொண்டுபோகலாமா?” பங்குத்தந்தை சிரிக்காமல் கேட்டுவிட்டு, “தாராளமாகக் கொண்டுபோங்கள், அம்மா. அது யாரால் போயிற்று என்று அந்தோணியாருக்குத் தெரியாமலா இருக்கும்?” என்றார். நாம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

ஜூன் 13ஆம் நாள் திருவிழாவுக்குச் சேவலைத் துணிப்பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுசென்றோம். பீடத்தருகே காட்டி, காணிக்கையாகக் கொடுத்தாயிற்று. காணிக்கைக் கோழிகளை மாலையில் ஏலம் விடுவது அங்கு வழக்கம். கொழுத்த சேவல்கள் ரூ.800, ரூ.900 என்று போயின. எங்கள் சேவலைத் தூக்கிக் காட்டியபோது கூட்டத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. ஏலம் விடுபவர் தொகையைக் குறைத்துக்கொண்டே வந்தார். அத்தை எழுந்து நின்று ரூ.300 என்றார், கேட்பார் வேறு எவருமில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் அவர் நம்மிடம் ஒன்றும் பேசவில்லை. ஊர் எல்லை வந்ததும் மடியிலிருந்த பையைச் சிறிது தளர்த்திவிட்டு, “அந்தக் கூண்டுக்கு மேற்குப் பக்கம் இன்னும் ஐந்தடி கூட்டி வலை கட்டச் சொன்னேனே, தம்பி, ஆசாரியைப் பார்த்தாயா?” என்று கேட்டார்.